தாயை வேலைக்காரியாக்கிய நிறம்

(கொடைக்கானலில் தோழர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நான் இன்று ஒரு சினிமா நடிகையைப் பற்றிப் பேசப் போகின்றேன் என்று தலைவரவர்கள் சொன்னவுடன் உங்களில் சிலர் சிரித்ததைக் கவனித்தேன். சிரித்ததில் தப்பில்லை. நம் நாட்டில் ஏற்கனவே இருக்கின்ற சினிமாப் பைத்தியம் போதாதென்று மேடையிலும் அதையே பேச வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நான் அந்த அம்மையாருடைய அழகைப் பற்றியோ, நகை நட்டுகளைப் பற்றியோ, எத்தனை கலியாணம் செய்துகொண்டார் என்பதைப் பற்றியோ சொல்ல வரவில்லை. உலகம் கொண்டாடிய ஒரு பெண்மணி, தன்னை வளர்த்து ஆளாக்கிய தாயை, வந்த விருந்தாளிகளுக்கு வேலைக்காரியாகக் காட்டும்படி ஏன் நேர்ந்தது என்கின்ற ஒரே விஷயத்தைத்தான் உங்கள் முன் வைக்கப் போகின்றேன்.

இதைக் கேட்பதற்குக் கொடைக்கானல்காரர்களைவிடத் தகுதியானவர்கள் கிடையாது. ஏனென்றால் இந்த ஊரே நிறத்தை வைத்துக் கட்டப்பட்ட ஊர். பளியரும் புலையரும், பூம்பாறை, மன்னவனூர் போன்ற கிராமத்தாரும் இம்மலையில் எத்தனையோ தலைமுறையாக இருந்துங்கூட, 1845இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் மதுரைப் பக்கத்துக் காய்ச்சலுக்குப் பயந்து வந்து இரண்டு பங்களா கட்டிய பிறகுதான் ஊர் பிறந்ததாகச் சரித்திரம் எழுதியிருக்கின்றார்கள். 1863இல் லெவின்ஜ் துரை ஏரியை உண்டாக்கினார் என்கின்றார்கள். மண் சுமந்தவர்களின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. மோட்டார் ரஸ்தா வருவதற்கு முன் துரைகளையும் துரைசானிகளையும் நாற்காலியில் உட்கார வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறியவர்கள் நம்முடைய பாட்டன்மார்கள். தூக்கினவன் கறுப்பு, உட்கார்ந்தவன் வெள்ளை. யார் தூக்குவது, யார் உட்காருவது என்பதைப் பிறந்தபோதே தோலின்மீது எழுதி விட்டார்கள். இந்த ஏற்பாட்டில், தோல் கொஞ்சம் வெளுப்பாகவும் பிறப்பு கொஞ்சம் கறுப்பாகவும் வாய்த்த ஒரு பெண் என்ன செய்வாள்? அந்தப் பெண்ணின் கதைதான் இது.

அவர் பெயர் மெர்ல் ஓபரான். 1911ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 19ந் தேதி பம்பாயில் பிறந்தார். இட்ட பெயர் எஸ்டெல் மெர்ல் ஓ'பிரையன் தாம்ஸன். ஜார்ஜ் மன்னரும் மேரி ராணியும் இந்தியாவுக்கு வந்த வருஷமாதலால் வீட்டில் 'க்வீனி' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். தகப்பனார் ரயில்வேயில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலேயர். முதல் உலக யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போய் மாண்டார். குழந்தையை வளர்த்தவர் ஷார்லட் ஸெல்பி என்னும் அம்மையார். இலங்கையிலிருந்து வந்த கலப்பினப் பெண்மணி. நம் ஊர்ப் பேச்சில் 'சட்டைக்காரர்' என்று இளக்காரமாய்ச் சொல்லுகிறோமே, அந்தக் கூட்டம்.

ஆனால் இந்த ஷார்லட் அம்மையார் பெற்ற தாயல்ல, பாட்டி! அவருடைய மகள் கான்ஸ்டன்ஸ் என்னும் சிறுமிதான், இன்னும் குழந்தைப் பருவமே நீங்காத வயதில், இந்தக் குழந்தையைப் பெற்றவள். ஊரார் பேச்சுக்குப் பயந்து பாட்டி தாயானாள், தாய் அக்காளானாள். அந்த கான்ஸ்டன்ஸும்கூட, ஷார்லட் பதினாலு வயதுப் பெண்ணாயிருந்தபோது தேயிலைத் தோட்டத்து ஐரிஷ்காரர் ஒருவருக்குப் பிறந்தவள் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்லுகின்றார்கள். தாய்மார்களே, இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். இரண்டு தலைமுறையாகச் சிறுமிகளை வெள்ளைக்காரர்கள் தாயாக்கினார்கள். அதனால் அந்த ஆண்களில் ஒருவருக்காவது மானம் போயிற்றா? உத்தியோகம் போயிற்றா? பெயரை மாற்றிக்கொண்டு ஊர்விட்டு ஊர் ஓடினார்களா? கிடையாது. மறைக்க வேண்டிய கடமை மட்டும் பெண்களுக்கு வந்து சேர்ந்தது. ஆகவே, இந்த அம்மையார் பேச்சுக் கற்பதற்கு முன்பே அவரைச் சுற்றி ஒரு பொய் கட்டப்பட்டுவிட்டது. பின்னால் அவர் சொன்ன பொய்களெல்லாம் அந்த அஸ்திவாரத்தின் மேல் எழுப்பிய மாடிகளே.

1917இல் குடும்பம் கல்கத்தாவுக்குப் போயிற்று. அங்கே வெள்ளைக்காரப் பெண்கள் படிக்கும் லா மார்டினியர் பள்ளிக்கூடத்தில் உபகாரச் சம்பளத்தில் சேர்ந்தார். கலப்பில் பிறந்தவள் என்று கூடப் படித்த பிள்ளைகள் செய்த பரிகாசம் பொறுக்கமாட்டாமல் படிப்பையே நிறுத்தும்படியாயிற்று. பிறகு டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே நாடகங்களில் நடித்தார். வெள்ளைக்காரன் ஒருவன் அவரோடு பழகி வந்தான். அவன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது ஷார்லட் அம்மையாரின் கறுத்த முகத்தைப் பார்த்தான். அத்தோடு பழக்கம் அறுந்தது. பெண்ணின் முகத்தில் தெரியாத ஜாதி தாயின் முகத்தில் தெரிந்துவிட்டது! அன்றைய தினம் அந்த இளம்பெண் ஒரு பாடம் கற்றுக்கொண்டாள். 'நான் முன்னேற வேண்டுமானால் என் தாய் மறைய வேண்டும்' என்பதே அந்தப் பாடம். எந்தப் பள்ளிக்கூடமும் இவ்வளவு கொடிய பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்காது.

அந்த மனிதன் பிரான்ஸ் தேசத்தில் ஒரு சினிமா டைரக்டருக்கு அறிமுகம் செய்து வைப்பதாகச் சொல்லியிருந்தான். அதை நம்பித் தாயையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். பிறகு லண்டனுக்குப் போய், ஹோட்டல் வேலையும் கூட்டத்தில் நிற்கின்ற சில்லறை வேஷங்களுமாகக் கஷ்டப்பட்டார். அலெக்ஸாண்டர் கோர்டா என்னும் படமுதலாளி இவரைக் கண்டு, 1933இல் வெளிவந்த எட்டாம் ஹென்றியின் கதையில் ஆன் பொலினாக ஒரு சிறு வேஷம் கொடுத்தார். சில நிமிஷமே தோன்றினாலும் ஜனங்கள் மறக்கவில்லை. 1934இல் 'ஸ்கார்லட் பிம்பர்னெல்' படத்தில் கதாநாயகி. அடுத்த வருஷம் ஹாலிவுட். 1935இல் வந்த 'டார்க் ஏஞ்சல்' படத்துக்காகச் சிறந்த நடிகைக்குரிய ஆஸ்கார் பரிசின் போட்டிப் பட்டியலில் இவர் பெயர் சேர்ந்தது. 1939இல் 'உதரிங் ஹைட்ஸ்' படத்தில் லாரன்ஸ் ஒலிவியேயுடன் கதாநாயகியாக நடித்ததுதான் இன்றளவும் பேசப்படுவது.

அந்தப் படத்திலே ஒரு வேடிக்கை இருக்கின்றது. கதைப்படி நாயகன் ஹீத்கிளிஃப் என்பவன் கறுத்த தோலுடைய அநாதை. அவன் குலம் கோத்திரம் யாருக்கும் தெரியாது. நாயகி வெள்ளைக்காரக் குடும்பத்துப் பெண். படத்தில் கறுத்தவனாக நடித்தவர் அசல் வெள்ளைக்காரர். வெள்ளைக்காரியாக நடித்தவர் பம்பாயில் பிறந்த கலப்பினப் பெண். நிறமும் பிறப்பும் எவ்வளவு பெரிய வேஷம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? வேஷம் போட்டவுடன் மாறக்கூடியதை அல்லவா உலகம் மாறாத உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கின்றது!

நிற்க. இவர் இந்தியாவில் பிறந்தவர் என்று அன்று எவரும் அறியார். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே உள்ள டாஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட் நகரத்தில் பிறந்தவர் என்றும், பிறப்புப் பதிவெல்லாம் தீயில் எரிந்து போயிற்று என்றும் ஒரு கதை பரப்பப்பட்டது. அவ்வளவு தூரத்தில் போய் எவன் விசாரிக்கப் போகின்றான்?

ஏன் இந்தப் பொய் தேவைப்பட்டது? அமெரிக்கப் படமுதலாளிகள் 1930இல் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு எழுதி வைத்து, 1934 முதல் அதைக் கண்டிப்பாக அமல் நடத்தினார்கள். வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதாகப் படத்தில் காட்டக் கூடாது என்பது அதில் ஒன்று. நடைமுறையில் ஆசியாக்காரர்களுக்கும் அதே கதிதான். லாஸ் ஏஞ்ஜலீஸ் நகரத்திலேயே பிறந்து நடிகையான சீன வம்சத்துப் பெண்மணி அன்னா மே வாங் என்பவருக்கு, சீன விவசாயிகளைப் பற்றிய 'குட் எர்த்' படத்தில்கூட நாயகி வேஷம் கிடைக்கவில்லை. சீன நாயகனாக வேஷம் போட்டவர் வெள்ளைக்காரர். ஆகவே சீன நாயகியும் வெள்ளைக்காரியாக இருக்க வேண்டுமாம்! அப்படி நடித்த லூயிஸ் ரெய்னர் அம்மையாருக்கு 1937ஆம் வருஷப் படங்களுக்கான சிறந்த நடிகை என்ற பரிசும் கிடைத்தது.

சர்க்காரும் சளைத்ததல்ல. 1917இல் செய்த சட்டப்படி இந்தியர் அமெரிக்காவில் குடியேற முடியாது. 1923இல் பகத் சிங் திந்து என்கின்ற பஞ்சாபிக்காரர், தாம் ஆரிய வம்சத்தவரென்றும் ஆதலால் வெள்ளையரென்றும் வாதாடிப் பிரஜையுரிமை கேட்டார். அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் 'நீ வெள்ளையன் அல்ல' என்று கதவைச் சாத்தியது. நம் நாட்டில் ஆரியப் பெருமை பேசுவோர் இந்தத் தீர்ப்பை ஒருதரம் படிப்பது நல்லது. 1946இல்தான் வருஷத்துக்கு 100 இந்தியர் குடியேறலாம் என்று அந்தக் கதவைச் சற்றுத் திறந்தார்கள். இப்படிப்பட்ட காலத்தில் அந்த இளம்பெண் 'நான் பம்பாய்க்காரி, என் தாய் இலங்கைக்காரி' என்று சொல்லியிருந்தால் எந்த முதலாளி கதாநாயகி வேஷம் கொடுத்திருப்பான்?

அதே கோர்டா முதலாளிதான் மைசூர்க் காட்டில் யானைப்பாகன் மகனாயிருந்த ஸாபு என்னும் பையனை அழைத்துப் போய், 1937இல் யானைப் படம் எடுத்து உலகமெங்கும் காட்டினார். ஒரே கம்பெனி, ஒரே காலம். ஸாபுவை இந்தியன் என்று விளம்பரம் செய்து பணம் சம்பாதித்தார்கள். மெர்லை இந்தியாக்காரி அல்ல என்று மறைத்துப் பணம் சம்பாதித்தார்கள். ஸாபுவுக்கு முண்டாசும் அரைத்துணியும். அவனுடைய வேஷமெல்லாம் காட்டோடும் யானையோடும் சரி. காதலனாக, கனவானாக வர அவனுக்கு இடமில்லை. அந்த இடம் வேண்டுமென்றால் பிறந்த ஊரை விற்றாக வேண்டும். மெர்ல் விற்றார்.

இப்பொழுது அந்தத் தாயின் விஷயத்துக்கு வருகின்றேன். ஷார்லட் அம்மையார் 1937இல் இறக்கும் வரையில் மகளோடுதான் இருந்தார். மகள் அவரை ஊரில் அநாதையாக விட்டுவிட்டுப் போகவில்லை. ஆனால் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் சேலை கட்டிய அந்தக் கறுத்த அம்மையார் வேலைக்காரியாகத்தான் காட்சியளித்தார். பேத்தியை மகளென்று வளர்த்தவர், கடைசிக் காலத்தில் அந்த மகளையும் 'எஜமானி' என்று பாவித்து நிற்கும்படியாயிற்று. அம்மா என்று கூப்பிட ஆளிருந்தும், நாலு பேர் எதிரில் கூப்பிட முடியாது!

அவர் இறந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, 1949இல், மெர்ல் ஒரு பழைய போட்டோவைக் கொடுத்துத் தாயின் உருவத்தை வர்ணப்படமாக எழுதச் சொன்னார். தாயின் மேல் ஆசை இல்லாமலா எழுதச் சொன்னார்? ஆனால் ஓவியனிடத்தில் ஓர் உத்தரவும் போட்டார். தோலின் நிறத்தை வெளுப்பாக்கி எழுத வேண்டும் என்பதே அது. அந்தப் படம் அவர் சாகும் வரையில் அவர் வீட்டுச் சுவரில் தொங்கிற்று. சுவரில் இருந்த தாய் வெள்ளைக்காரி. பூமிக்குள் இருந்த தாய் கறுப்பி. செத்த பிறகும் அந்த அம்மாளுக்குத் தன் தோலோடு இருக்கக் கொடுத்து வைக்கவில்லை.

மகளின் தோலாவது நிம்மதியாக இருந்ததா? வெளுப்பாக்கும் பூச்சுகளை அவர் உபயோகித்தார் என்கின்றார்கள். 1937இல் மோட்டார் விபத்தில் முகத்தில் காயம். 1940இல் மேற்பூச்சுகளின் விஷமும் ஒரு மருந்தின் ஒவ்வாமையும் சேர்ந்து முகத்தோலைக் கெடுத்தன. பின்னர் அவர் மணந்துகொண்ட ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், காமிராவின் பக்கத்திலேயே ஒரு விளக்கை வைத்து அவர் முகத்து வடுக்கள் தெரியாதபடி செய்தார். அந்த மாதிரி விளக்குக்கு அவர் பெயராலேயே 'ஓபி' என்று பெயர். முகத்து வடுவை மறைக்க விஞ்ஞானம் ஒரு விளக்குக் கண்டுபிடித்துவிட்டது. பிறப்பு என்கின்ற வடுவை மறைக்கத்தான் அவர் ஆயுள் முழுவதும் இருட்டிலே நிற்க வேண்டியிருந்தது.

1978இல் ஹோபார்ட் நகரத்தார் அவரைத் தங்கள் ஊர்ப் பெண் என்று அழைத்து மேயர் வரவேற்பு நடத்தினார்கள். பிறக்காத ஊரில் 'பிறந்த ஊருக்கு வாருங்கள்' என்று மாலை! அந்த அறுபத்தேழு வயது அம்மையாரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? அடுத்த வருஷம் நவம்பர் மாதம் 23ந் தேதி காலமானார். 1983இல் வெளிவந்த ஒரு வாழ்க்கை வரலாற்றினால்தான் உண்மை வெளியாயிற்று. சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் போட்டியில் பெயர் வந்த முதல் ஆசியப் பெண் இவர்தான் என்று இன்று எழுதுகின்றார்கள். அதே பரிசை 2023இல் மிஷெல் யோ என்னும் மலேயாச் சீனப் பெண்மணி, தன் பிறப்பைத் தாராளமாய்ச் சொல்லிக்கொண்டே வாங்கினார். இடையில் எண்பத்தேழு வருஷம் ஓடிவிட்டது.

'பொய் சொன்னவள், தாயை மறைத்தவள், அவளுக்கு என்ன சுயமரியாதை?' என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தாயை வேலைக்காரியாக்கியது நல்ல காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குற்றப்பத்திரிகையில் முதல் பெயர் யாருடையது என்று பார்க்க வேண்டாமா? வாசலில் ஒருவன் நின்றுகொண்டு, 'உன் தாய் வெள்ளையா கறுப்பா? கறுப்பானால் உள்ளே வராதே' என்கின்றான். உள்ளே போக ஆசைப்பட்டவள் தாயை மறைத்தாள். மறைத்தவளை மட்டும் திட்டிவிட்டு, வாசலில் நின்றவனை விட்டுவிடுவது எந்த ஊர் நியாயம்?

இதற்கு உதாரணம் தேடி ஹாலிவுட்டுக்குப் போக வேண்டியதில்லை. இந்த ஏரியிலிருந்து நடந்து போகக் கூடிய தூரத்தில் குறிஞ்சி ஆண்டவர் கோவில் இருக்கின்றது. அதைக் கட்டியவர் யார்? ஆஸ்திரேலியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண்மணி. ஹாரிஸன் என்ற குடும்பப் பெயருடையவர். இலங்கையின் பெரிய மனிதர் ஸர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி என்று பெயர் மாற்றி, இந்துவாகி, 1936இல் இங்கே கோவில் கட்டினார். கோவில் கட்டியதைப் பற்றி நமக்கிருக்கும் அபிப்பிராயம் உங்களுக்குத் தெரியும். அது இப்போது பேச்சல்ல. வருஷத்தைக் கவனியுங்கள். அதே 1936இல்தான் அங்கே மெர்ல் ஓபரான், ஆஸ்திரேலிய வெள்ளைக்காரி என்ற பொய்யோடு ஆஸ்கார் விருந்தில் உட்கார்ந்திருந்தார். உண்மையாகவே ஆஸ்திரேலியாவில் பிறந்தவர் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு பகிரங்கமாக வாழ்ந்தார். 'வெள்ளைக்கார அம்மாள் நம் மதத்துக்கு வந்தார்' என்று இன்றும் பெருமையாகச் சொல்லுகிறார்கள். இலங்கைத் தாயின் மகளோ ஆஸ்திரேலியாக்காரி என்று பயந்து பயந்து வாழ்ந்தார். அவரைப் பொய்க்காரி என்கிறார்கள். மேலேயிருந்து கீழே இறங்குகிறவருக்கு மாலை. கீழேயிருந்து மேலே ஏறுகிறவருக்கு முகமூடி. ஏணி என்று ஒன்று இருக்கும் வரையில் இப்படித்தான் இருக்கும்.

இந்த மலைக்கு மேற்கே மலையாள தேசம். அங்கே 1930ஐ ஒட்டி, மலையாளத்தின் முதல் படமாகிய 'விகதகுமாரன்' படத்தில் பி.கே. ரோஸி என்னும் புலையர் வகுப்புப் பெண் நாயகியாக நடித்தார். வேஷம் நாயர் வீட்டுப் பெண். புலைச்சி நாயர் பெண்ணாக நடிப்பதா என்று மேல்ஜாதிக்காரர்கள் திருவனந்தபுரத்தில் கொட்டகையில் கலகம் செய்து திரையைக் கிழித்தார்கள். அவருடைய குடிசையையும் கொளுத்தினார்கள். அவர் தமிழ்நாட்டுக்கு ஓடிவந்து, லாரி ஓட்டிய ஒருவரைக் கலியாணம் செய்துகொண்டு, தான் நடிகை என்பதையே சொல்லாமல் நாகர்கோவிலில் வாழ்ந்து மறைந்தார். மெர்ல் பிறப்பை மறைத்துப் புகழைப் பெற்றார். ரோஸி உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் புகழையே மறைத்தார். முன்னவரை மறைய வைத்தது நிறம். பின்னவரை மறைய வைத்தது ஜாதி. இரண்டும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள்.

தோழர்களே! 'அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சமாச்சாரம், இப்போது ஏது?' என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். 1975 முதல் இந்நாட்டுக் கடைகளில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று ஒரு பூச்சு விற்றார்கள். 2020இல் 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று பெயரை மாற்றினார்கள். டப்பாவின் பெயர் மாறிற்று. பெண் பார்க்க வருகிறவன் மனது மாறிற்றா? 'சிவப்பான பெண் தேவை' என்று விளம்பரம் போடுகிறோமே, மாமியார் வீட்டில் மூத்த மருமகளைச் சிவப்பி என்றும் இளையவளைக் கறுப்பி என்றும் வேறுபடுத்துகிறோமே, அது எந்த ஹாலிவுட்?

கீழே பட்டணத்தில் வீடு வாடகைக்குக் கேட்டால் முதல் கேள்வி என்ன? 'எந்த ஊர்?' இரண்டாவது, 'எந்தத் தெரு?' மூன்றாவது, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, 'நீங்க என்ன ஆளுங்க?' அந்தக் கேள்வியைக் கேட்கும்போது கேட்கிறவனுக்குக் கூச்சமில்லை. பதில் சொல்லுகிறவன்தான் எச்சிலை விழுங்குகிறான். படித்து உத்தியோகம் பார்க்கிற பிள்ளை, கிராமத்திலிருந்து தகப்பனார் வந்தால், கூட இருப்பவர்களிடம் 'ஊரிலிருந்து தெரிந்தவர் வந்திருக்கிறார்' என்று சொல்லுகின்றானே, அவனும் ஒரு மெர்ல் ஓபரான்தானே? அவன் அப்படிச் சொல்லும்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கிழவனாரின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கின்றேன். அதைப் பார்த்த பிறகுதான் இந்த நடிகையின் கதை எனக்கு விளங்கிற்று.

ஆகவே நான் உங்களைக் கேட்டுக்கொள்ளுவது பெரிய காரியம் அல்ல. மறைக்கிறவனைப் பார்த்து 'ஏன் மறைக்கிறாய், தைரியமாகச் சொல்' என்று உபதேசம் செய்யாதீர்கள். தைரியத்தின் விலை அவனுக்குத்தான் தெரியும். ரோஸி கொடுத்த விலை ஒரு வீடு. அதற்குப் பதிலாக, கேட்பதை நாம் நிறுத்துவோம். புதிதாக ஒருவர் பக்கத்து வீட்டுக்கு வந்தால், 'என்ன ஆளுங்க?' என்று கேட்கப் போகும் நாக்கைக் கடித்துக்கொண்டு, 'சாப்பிட்டாச்சா?' என்று கேளுங்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டில் நிறத்தைப் பற்றி வாய் திறப்பவன் நம் சொந்தக்காரனே ஆனாலும் அங்கேயே தடுத்துச் சொல்லுங்கள். தாய்மார்கள் பிறந்த குழந்தையைத் தூக்கிப் பார்த்தவுடன் 'யார் நிறம்?' என்று பார்ப்பதை விட்டுவிடுங்கள்.

நான் சொல்லியவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. உங்கள் சொந்த வீட்டிலும் தெருவிலும் நடப்பதோடு ஒத்திட்டுப் பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் செய்யுங்கள். கேட்பவன் இல்லாவிட்டால் மறைப்பவள் இருக்க மாட்டாள். மறைப்பவள் இல்லாவிட்டால் எந்தத் தாயும் தன் மகள் வீட்டில் வேலைக்காரியாக நிற்க வேண்டிய அவசியமும் இராது.